ஒன்பது எழுத்தும் ஒரு வலைக்கண்ணும்

ஞாயிறு திருப்பலி முடிந்து இல்லம் திரும்பியதும், காப்பி ஆறுவதற்குள் ஆங்கில நாளிதழின் சொற்புதிர்ப் பகுதியை விரித்துக்கொண்டு அமர்வது நமது நெடுநாளைய வழக்கம். சில எழுத்துகளைக் கொடுத்து, ‘இவற்றைக் கொண்டு எத்தனை சொற்கள் ஆக்குவீர்?’ என்று கேட்கும் புதிர் அது. “எழுத்தைக் கலைத்துக் கலைத்து அடுக்குவதால் அடுப்பு எரியுமா?” என்று நம் இல்லாள் கடிந்துகொள்வதும் உண்டு. அடுப்பு எரியவில்லைதான். ஆயினும் அந்த விளையாட்டு நமக்கு ஒரு பாடத்தைப் புகட்டியது. அது ஆங்கிலப் பாடம் அன்று. அதனை நம் பங்குக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகின்றோம்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுவோம். என், ஈ, டீ, எஸ் என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவிதமாக அடுக்கினால் ‘நெட்ஸ்’ என்றாகும். வலைகள் என்பது பொருள். கடைசி எழுத்தாகிய எஸ்ஸைச் சற்று முன்னே கொணர்ந்தால் ‘நெஸ்ட்’ ஆகிவிடும். அது பறவையின் கூடு. இன்னும் மாற்றினால் ‘சென்ட்’. அனுப்பப்பட்டது என்று பொருள். மேலும் மாற்றினால் ‘டென்ஸ்’, பத்துகள். நான்கே எழுத்துகள், அவற்றுள் வலையும் கூடும் ஒளிந்திருக்கின்றன. ‘லேக்’ என்னும் ஏரியின் எழுத்துகளைக் கலைத்தால் ‘லீக்’ என்னும் ஒழுகல் வந்துவிடுகின்றது. படகில் போகிறவர்களுக்கு இரண்டும் பழக்கமானவையே!

இவ்விளையாட்டை ஒரு பெட்டிக்குள் அடைத்துத் தந்தவர் அமெரிக்க நாட்டுக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ் என்பவர். 1930-களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்து நின்ற காலத்தில், செய்தித்தாளின் பக்கங்களில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகின்றது என்று அவர் எண்ணிப் பார்த்தார். அந்தக் கணக்கைக் கொண்டு உருவான ஆட்டமே 1948-ஆம் ஆண்டில் ‘ஸ்கிராபிள்’ என்னும் பெயரைப் பெற்றது. அதன் 100 வில்லைகளில் ‘ஈ’ என்னும் எழுத்து 12 வில்லைகளில் வரும். அதற்கு மதிப்பு ஒரு புள்ளியே. ‘க்யூ’ ஒன்றே ஒன்று. அதற்குப் பத்துப் புள்ளிகள். எளிதில் கிடைப்பது மலிவு, அரிதாய்க் கிடைப்பது விலை உயர்வு என்னும் சந்தை நியாயம் எழுத்துகளுக்கும் உண்டு போலும்.

தமிழில் இத்தகைய ஆட்டம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு, ஆனால் அதன் போக்கு வேறு. ஆங்கிலத்திற்கு 26 எழுத்துகள், நமக்கோ 247. ஆங்கிலத்தில் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் தனித்தனியே நிற்பதால் அவற்றை எளிதில் பிரித்து மாற்றி அடுக்கலாம். தமிழிலோ உயிரும் மெய்யும் கூடி ஓருருவாகிவிடுகின்றன. அதன்மேல், எந்த எழுத்து மொழிக்கு முதலில் வரலாம் என்று இலக்கணம் வேறு வரம்பு கட்டியிருக்கின்றது. ‘வலை’ என்பதைத் திருப்பினால் சொல் ஏதும் கிடைப்பதில்லை. ஆயினும் ‘படகு’ என்பதை மாற்றினால் ‘பகடு’ கிடைக்கும். அது எருதைக் குறிக்கும் பழஞ்சொல். ‘கமலம்’ என்னும் தாமரையிலிருந்து நடுவிலுள்ள மகரத்தை நீக்கினால் ‘கலம்’ மிதக்கும். இவ்வாறு எழுத்தைக் குறைத்துக் குறைத்து வேறு சொற்களைக் காட்டும் கவிதைக்கு அக்கரச்சுதகம் என்று பெயரிட்டு, அதனைச் சித்திரகவிகளுள் ஒன்றாகத் தண்டியலங்காரம் வைத்திருக்கின்றது.

எழுத்தைக் கொண்டு சொல்லைத் தேடும் வழியைத் தமிழில் எளிதாக்கியவர்களுள் நமக்கு மிக நெருங்கிய ஒருவர் உண்டு. 1680-இல் இத்தாலியில் பிறந்து, தமிழ்நாட்டிற்கு வந்து தமிழராகவே வாழ்ந்த வீரமாமுனிவரே அவர். அவருக்கு முன்னர் சொற்பொருள் கூறும் நிகண்டுகள் செய்யுள் வடிவில் இருந்தன. ஒரு சொல்லின் பொருள் வேண்டுமெனில் அச்செய்யுள்களை மனப்பாடம் செய்திருத்தல் வேண்டும். அல்லது மனப்பாடம் செய்த புலவரிடம் போய் நிற்றல் வேண்டும். 1732-இல் வீரமாமுனிவர் ஆக்கிய சதுரகராதியோ சொற்களை எழுத்து வரிசையில் அடுக்கித் தந்தது. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள் அதற்கு. அவற்றுள் தொடையகராதி நமது புதிர் விளையாட்டிற்கு மூத்த உறவு எனலாம். இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகைச் சொற்களை அது ஓரிடத்தில் சேர்த்துவைக்கின்றது. கடல், உடல், மடல், திடல் என்று டகரம் இரண்டாவதாய் வரும் சொற்களைத் தேடும் கவிஞனுக்கு அது எத்துணை உதவி! எழுத்தை அறிந்தவன் எவனும், யார் தயவுமின்றி, தானே சொல்லைக் கண்டடையலாம் என்பதே அகராதியின் அறம். இந்தச் சொற்றொடரைச் சற்று நினைவில் வைத்திருங்கள். இதனை அறிந்திருந்தும் நாம் மறந்த கதையே இனி வருவது.

2023-ஆம் ஆண்டு மே மாதம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்திருந்தன. மீஞ்சூரில் நம் இல்லத் திண்ணையில், கோடை விடுமுறைப் பிள்ளைகள் பத்துப் பன்னிருவருக்கு மாலைவேளையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வந்தோம். பணி ஓய்வு பெற்ற பின் நாமே விரும்பி ஏற்ற வேலை அது. நம் தெருவில் குடியிருந்த ஓர் அம்மையார், தம் அண்ணன் மகளை அழைத்து வந்தார். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றைச் சேர்ந்த பெண். எல்லாப் பாடங்களிலும் தேறியவள் ஆங்கிலத்தில் மட்டும் தவறியிருந்தாள். ஜூன் இறுதியில் துணைத்தேர்வு. அதிலும் தவறினால் இறால் கம்பெனி வேலைக்கு அனுப்பிவிடுவதாக வீட்டில் பேச்சு இருந்தது.

அவள் தவறியதில் வியப்பில்லை. கொரோனாக் காலத்தில் எட்டாம் வகுப்பு முழுவதையும் பள்ளி வாயிலைக் காணாமலே கழித்த தலைமுறை அது. பாடம் கைப்பேசியில் வந்தது. வீட்டிலிருந்த ஒரே கைப்பேசியோ தந்தையோடு படகில் போய்விட்டது. அடித்தளத்தில் ஒரு வரிசைக் கல்லே இல்லாமல் மேலே சுவர் எழுப்பியது போன்ற நிலை.

பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தின்மீதுள்ள அச்சத்தைப் போக்க நமது புதிரையே கையிலெடுத்தோம். அவள் ஏரிக்கரைப் பெண் என்பதால், அவளுக்கு மகிழ்ச்சியாக இருக்கட்டும் என்று ‘ஃபிஷர்மேன்’, அதாவது மீனவர் என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதினோம். எஃப், ஐ, எஸ், எச், ஈ, ஆர், எம், ஏ, என். ஒன்பது எழுத்துகள், ஒன்றுகூட இரண்டாம் முறை வராத அழகிய சொல். “இந்த எழுத்துகளை மட்டும் கொண்டு சொற்களை எழுதுங்கள். எந்த எழுத்தையும் இருமுறை பயன்படுத்தலாகாது. நேரம் பதினைந்து நிமிடம். அதிகம் எழுதியவருக்குப் பேனா பரிசு” என்று அறிவித்தோம்.

ஆங்கில வழியில் பயிலும் சிறுவன் ஒருவன் 22 சொற்கள் எழுதியிருந்தான். ‘ஃபார்மர்’ என்று உழவரையும் எழுதியிருந்தான். அதற்கு ஆர் இரண்டு வேண்டும். நம்மிடம் இருப்பதோ ஒன்று. அதனை மட்டும் நீக்கி 21 என்றோம். ஏரிக்கரைப் பெண் ஐந்தே சொற்கள் எழுதியிருந்தாள். மீன், மனிதன், கடல், மழை ஆகியவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்கள் நான்கும் சரி. ஐந்தாவது ‘மெஷ்’ என்றிருந்தது. எம், ஈ, எஸ், எச்.

நாற்பது ஆண்டுகளாகச் சொற்புதிர் விடுவிக்கும் நமக்கு அந்த வேளையில் அச்சொல் நினைவிற்கு வரவில்லை. வராதது குற்றமன்று. வராததை ‘இல்லை’ என்று முடிவுகட்டியதே குற்றம். சிவப்பு மையால் அதனை அடித்துவிட்டு, “இது என்னம்மா, மேஷ ராசியா? ஆங்கிலத்தில் இப்படி ஒரு சொல் கிடையாது” என்றோம். பிள்ளைகள் எல்லாரும் கலகலவென்று சிரித்தனர். நாமும் சிரித்தோம். அவள் மட்டும் தாளை மடித்து வைத்துக்கொண்டு தலை குனிந்து அமர்ந்திருந்தாள். ஒரு சொல்லும் பேசவில்லை.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அத்தையைக் கேட்டோம். “படிப்பு வேணாம்னு ஊருக்கே போயிட்டா ஐயா. அங்கே யாரோ சிரிச்சாங்களாம்” என்றார். ‘யாரோ’ என்று அவர் சொன்னது நம்மேல் கொண்ட மரியாதையினால் என்பது நமக்குப் புரிந்தது.

அன்றிரவு அலமாரியிலிருந்த ஆங்கிலத் தமிழ் அகராதியை எடுத்தோம். திண்ணையிலிருந்து அதற்குப் பத்தடி தூரம்கூட இல்லை. எம் வரிசையில் விரலை ஓட்டினோம். ‘மெஷ்’ இருந்தது. வலைக்கண் என்று பொருளும் இருந்தது. வலையில் நூலுக்கும் நூலுக்கும் இடையிலுள்ள துளை! மீனவர் என்னும் சொல்லுக்குள்ளே ஒளிந்திருந்த சொற்களில் மீனவருக்கே உரிய சொல் அது. 22 சொற்கள் எழுதிய சிறுவனுக்கு அது தோன்றவில்லை, நமக்கும் தோன்றவில்லை, ஐந்து சொற்கள் எழுதியவளுக்குத் தோன்றியிருந்தது. “அகராதியைப் பார்க்காமலே அடித்துவிட்டீர்களா?” என்று மட்டும் இல்லாள் கேட்டார். அன்று உணவு இறங்கவில்லை.

மறுநாட் காலை மின்தொடர் வண்டியில் பொன்னேரி சென்று, அங்கிருந்து பேருந்தில் பழவேற்காட்டை அடைந்தோம். சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்நாட்டிலுள்ள பெரிய உவர்நீர் ஏரி அன்று வெள்ளித் தகடாய் மின்னியது. குப்பத்தில் வேப்பமர நிழலில் அவள் தந்தை கிழிந்த வலையைச் சீர்செய்துகொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் எழுந்து, “வாங்க ஐயா” என்று பாயை விரித்தார். நாம் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் திகைத்துப் போனார். பிறகு உள்ளே சென்று, புதிய நைலான் வலைக் கட்டு ஒன்றைக் கொணர்ந்து நம் முன் வைத்தார். அதன்மீது ஒட்டியிருந்த சீட்டில் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லும், பக்கத்தில் மில்லிமீட்டர் அளவும் அச்சிடப்பட்டிருந்தன.

“கடையில மெஷ் எத்தனைன்னுதான் ஐயா கேப்பாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. சின்ன வயசிலேருந்து பாப்பாதான் இந்தச் சீட்டைப் படிச்சுச் சொல்லும். கண்ணு அளவு மாறிப்போச்சுன்னா காசு மொத்தமும் போச்சே!” என்றார்.

நமக்கு அது புதிரில் ஒரு புள்ளி. அந்தக் குடும்பத்திற்கோ அது சோறு. ஏழெட்டு வயது முதல் தந்தையின் கண்ணாக இருந்து அவள் படித்த சொல்லை, ‘கிடையாது’ என்று நாம் அடித்திருக்கின்றோம். அவளை அழைத்து, “நீ எழுதியது சரி அம்மா. நாம் சொன்னதுதான் தவறு. மன்னித்துக்கொள்” என்றோம். “பரவாயில்லை ஐயா” என்றவள் சற்று நேரங்கழித்து, “ஆனா எல்லாரும் சிரிச்சாங்களே” என்றாள். அதுவும் நியாயமே. பலர் முன்னிலையில் செய்த பிழைக்குத் தனிமையில் கேட்கும் மன்னிப்பு பாதி மன்னிப்பே. “நீ வா, அவர்கள் முன்னிலையிலும் சொல்கின்றோம்” என்று வாக்களித்தோம்.

திரும்பும் வழியில் அவளும் தந்தையும் பேருந்து நிறுத்தம்வரை உடன் வந்தனர். ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில், கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளின் அருகே அவள் நின்றாள். 1613-இல் இங்குக் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டி வாணிபம் செய்த ஒல்லாந்தர் உறங்கும் இடம் அது. “ஐயா, இந்தக் கல்லில் இருக்கிற எழுத்தெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு சொல்கூடப் புரியாது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் புத்தகமும் எனக்கு இப்படித்தான் இருக்கும்” என்றாள். அந்தக் கற்களில் இருப்பது ஒல்லாந்து மொழி. எழுத்து மட்டுமே ஆங்கிலத்தோடு பொது. எழுத்து தெரிந்தும் சொல் திறவாத அவள் நிலையை இதைவிடத் தெளிவாக எந்த ஆசிரியரும் நமக்கு விளக்கியதில்லை.

அவள் திரும்பி வந்தாள். கரும்பலகையில் ‘மெஷ்’ என்று பெரிதாக எழுதி, அதன் பொருளை அவளையே சொல்லச் சொன்னோம். “அன்று சிரித்தது நமது அறியாமை” என்று பிள்ளைகள் முன்னிலையில் ஒப்புக்கொண்டோம். பேனாப் பரிசு பெற்ற சிறுவன் எழுந்து, “வலைக்கண் சின்னதாக இருந்தால் என்ன ஆகும்?” என்று அவளிடம் கேட்டான். “குஞ்சு மீனெல்லாம் மாட்டிக்கும். அடுத்த வருஷம் ஏரியில மீனே இருக்காது” என்றாள். அன்றைய பாடத்தை நடத்தியவள் அவளே.

விளையாட்டின் விதியையும் அவளே மாற்றினாள். அவர்கள் குப்பத்தில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. ஏரியில் இறால் மிகுதியாய்ப் படும் இடங்களை வலியவர்களே வளைத்துக்கொள்ளாதபடி, சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாடு அது. “அதிகம் எழுதியவருக்குப் பரிசு என்று வேண்டாம் ஐயா. பாடு மாதிரி வைக்கலாம். ஒருவருக்கு ஒரு சொல். ஒருவர் சொன்னதை மற்றவர் சொல்லக்கூடாது. சின்னப் பிள்ளைகள் முதலில் சொல்லட்டும்” என்றாள். அவ்வாறே வைத்தோம். எளிய சொற்கள் சிறியவர்களுக்குக் கிடைத்தன. பெரியவர்கள் ஆழத்தில் வலை வீச வேண்டியதாயிற்று. ஆட்டம் முன்னைவிடச் சுவையாயிற்று.

சில வழிகளையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம். உங்கள் இல்லத்துப் பிள்ளைகளுக்கும் அவை பயன்படும். எழுத்துகளை வரிசையாக எழுதாமல் வட்டமாக எழுதுங்கள். அப்போதுதான் கண் பழைய சொல்லிலேயே சிக்கிக்கொள்ளாது. உயிரெழுத்துகளைத் தனியே பிரித்துவையுங்கள். அவை இல்லாமல் சொல் அசையாது. எஸ்ஸும் எச்சும் போல இணைந்தே திரியும் எழுத்துகளைக் கூட்டிவையுங்கள். ஒரு சொல் கிடைத்தால் அதன் முன்னும் பின்னும் ஓர் எழுத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஏ, ஐ, ஆர் மூன்றும் சேர்ந்தால் ‘ஏர்’ என்னும் காற்று. என் வந்து கடைசியில் நின்றால் அதுவே ‘ரெயின்’ என்னும் மழைக்கு வேண்டிய நான்கு எழுத்தும் ஆகிவிடும். ஐயம் வந்தால் அகராதியைத் திறவுங்கள். அடிப்பதற்கு முன் திறவுங்கள்!

அந்த ஒன்பது எழுத்துகளிலிருந்து அவ்வார இறுதிக்குள் பிள்ளைகள் எடுத்த சொற்களைப் பட்டியலிட்டுப் பார்த்தபோது நாமே திகைத்தோம். ‘ஃபேமின்’ என்னும் பஞ்சம் அதற்குள் இருக்கின்றது. ‘ஃபியர்’ என்னும் அச்சம் இருக்கின்றது. ‘ஷேம்’ என்னும் வெட்கமும், ‘ஃபேம்’ என்னும் புகழும் இருக்கின்றன. ‘ஷேர்’ என்னும் பகிர்வு இருக்கின்றது. ‘ஷ்ரைன்’ என்னும் திருத்தலமும் அதற்குள்ளேயே இருக்கின்றது. ‘ரிமெயின்’, அதாவது நிலைத்திரு என்னும் சொல்லும் இருக்கின்றது. அதே ஆறு எழுத்துகளை மாற்றினால் கடல் சார்ந்தது என்று பொருள்படும் ‘மரீன்’ வந்துவிடுகின்றது. மீனவர் வாழ்க்கையின் துன்பமும் நம்பிக்கையும் ஒரே சொல்லுக்குள் ஒன்பது எழுத்துகளாய்க் காத்துக் கிடந்தன. இதனை யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை என்பது நமக்குத் தெரியும். தேடியவர்கள் ஏரிக்கரையிலிருந்தும் வந்தவர்கள் என்பதாலேயே அவை கிடைத்தன.

துணைத்தேர்வில் அவள் 43 மதிப்பெண் பெற்றுத் தேறினாள். புதிர் விளையாடியதாலேயே தேறினாள் என்று நாம் பெருமை கொள்ளமாட்டோம். விடியற்காலையில் எழுந்து பாடங்களை எழுதி எழுதிப் பார்த்தவள் அவள். விளையாட்டு அச்சத்தைப் போக்கிற்று, உழைப்பு அவளுடையது. பதினோராம் வகுப்பில் சேர்ந்த செய்தியைச் சொல்ல, அவள் தந்தை ஒரு பையில் இறாலோடு வந்திருந்தார். இல்லாளின் அடுப்பு அன்று மகிழ்ச்சியோடு எரிந்தது.

இறுதியாக ஒன்று. ஆங்கிலத்தில் ‘லிசன்’ என்றால் கேள், செவிகொடு என்று பொருள். அதன் ஆறு எழுத்துகளையும் மாற்றி அடுக்கினால் ‘சைலன்ட்’ என்றாகும். மௌனமான என்று பொருள். புதிர் விரும்பிகள் எல்லாரும் அறிந்த பழைய இணை இது. நாமும் பலமுறை பிறருக்குச் சொல்லி வியக்கவைத்திருக்கின்றோம். ஆனால் தாளை மடித்துக்கொண்டு ஒரு பெண் தலைகுனிந்து அமர்ந்திருந்த அந்த மாலையில், அவளுடைய மௌனத்திற்கு நாம் செவிகொடுக்கவில்லை.

நம் இல்லங்களிலும் வகுப்பறைகளிலும் பிள்ளைகள் நமக்குத் தெரியாத சொல்லொன்றைக் கொண்டுவந்து நீட்டும் நேரம் வரும். சிவப்புப் பேனா நம் கையில் இருக்கும். அதன் மூடியைத் திறக்கும் முன்னர், “இதை எங்கே கண்டாய்?” என்று ஒரு கேள்வி கேட்போமாக.